பொது இடங்களில் ஏ.இ.டி. கருவி: இடத் தேர்வு முதல் பராமரிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் பேச்சின் நடுவிலேயே சரிந்து விழுகிறார். தோளைத் தட்டி அழைத்தாலும் அசைவில்லை. வாய் மட்டும் தரையில் போட்ட மீனைப் போல விட்டுவிட்டுத் திறந்து மூடுகிறது. அதை மூச்சு என்று நினைத்து, தண்ணீர் தெளித்துக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு. உண்மையில் அவருடைய இதயம் நின்றுவிட்டது. இனி ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பைக் குறைத்துக்கொண்டே போகும்.

இப்படி நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும், ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர் கருவிகளைப் பொது இடங்களில் வைக்க விரும்பும் உள்ளாட்சி அமைப்புகள், குடியிருப்போர் சங்கங்கள், கல்லூரி நிர்வாகங்கள், வழிபாட்டுத் தலங்கள், விளையாட்டு அரங்கங்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. கருவி வாங்குவது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. விழுந்தவரின் மார்பில் பேட் (அதிர்ச்சியைக் கடத்தும் ஒட்டுப் பட்டை) ஒட்டும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் அந்த ஒரே கேள்வியை வைத்து எடைபோட்டுப் பாருங்கள்.

கருவி என்ன செய்கிறது, என்ன செய்யாது

மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு. மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார். நெஞ்சு வலிக்கிறது என்று அவரே சொல்வார். அவருக்கு ஏ.இ.டி. தேவையில்லை, ஆம்புலன்ஸ்தான் தேவை. இதய நிறுத்தத்தில் இதயம் ரத்தத்தைத் தள்ளுவதே நின்றுபோகிறது, ஆள் நினைவிழந்து விழுகிறார். மாரடைப்பு இதய நிறுத்தத்தில் முடியலாம் என்பதால்தான் மக்கள் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள்.

திடீரென விழுபவர்களில் பலருக்கு முதல் சில நிமிடங்களில் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். இதற்கு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். ஏ.இ.டி. அந்த நடுக்கத்தை இனம்கண்டு, ஒரு மின்னதிர்ச்சியால் அதை நிறுத்துகிறது. அதன் பிறகு இதயம் தன் இயல்பான ஒழுங்குக்குத் திரும்ப வழி கிடைக்கிறது. இந்த நடுக்கம்கூட இல்லாமல் முழுவதும் அசைவற்று நின்ற இதயத்துக்கு இது அதிர்ச்சி கொடுக்காது. ஆகவே தவறான ஆளுக்கு அதிர்ச்சி கொடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். பேட் ஒட்டுவதும், சில கருவிகளில் பொத்தானை அழுத்துவதும் மட்டுமே மனிதருடைய வேலை; அதிர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பதைக் கருவியே முடிவு செய்கிறது.

நெஞ்சை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தொடரச் செய்யும் முதலுதவியான சிபிஆர் எதுவும் செய்யாமல் விட்டால், ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. யாராவது நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரிவு நிமிடத்துக்கு 3, 4 சதவீதம் என்ற அளவுக்கு மட்டுப்படுகிறது. கருவி வைக்கும் திட்டத்தில் சிபிஆர் பயிற்சியும் கட்டாயம் சேர்ந்தே வரவேண்டும் என்பதற்கு இதுவே காரணம். 24 வட அமெரிக்கப் பகுதிகளில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், சிபிஆர் மட்டும் கற்ற தன்னார்வலர்கள் இருந்த இடங்களில் 107 இதய நிறுத்தங்களில் 15 பேர் பிழைத்தார்கள். சிபிஆருடன் ஏ.இ.டி.யும் இருந்த இடங்களில் 128 பேரில் 30 பேர் பிழைத்தார்கள்.

படி 1: இலக்கு நேரத்தை எழுத்தில் வையுங்கள்

"முக்கிய இடங்களில் கருவிகள் வைக்கப்படும்" என்று தொடங்கும் கொள்கை எங்கும் போய்ச் சேராது. "விழுந்ததிலிருந்து 5 நிமிடத்துக்குள் முதல் அதிர்ச்சி, முடிந்த இடங்களில் 3 நிமிடத்துக்குள்" என்று தொடங்குங்கள். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் பாதுகாவலர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. விழுந்த 3 நிமிடத்துக்குள் அதிர்ச்சி கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். 3 நிமிடத்தைத் தாண்டியவர்களில் அது 49 சதவீதம். ஒரே வகைக் கட்டடம், ஒரே வகைப் பயிற்சி, ஒரே மாதிரியான கருவி.

5 நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். நடந்தது என்னவென்று புரிந்து அவசர எண்ணை அழைக்க 1 நிமிடம். கருவியை எடுக்கப் போக ஒன்றரை நிமிடம், திரும்பி வர ஒன்றரை நிமிடம். உடையை விலக்கி, பேட் ஒட்டி, கருவி ஆராய்ந்து, பொத்தானை அழுத்த 1 நிமிடம். இதில் உங்கள் கொள்கையால் நேரடியாக மாற்ற முடிந்தது நடுவிலுள்ள 3 நிமிடங்கள்தாம்.

வேகமாக நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கடப்பார். ஒன்றரை நிமிடத்தில் அது 135 மீட்டர். வாசல், படிக்கட்டு, கூட்டம் எல்லாவற்றையும் கழித்தால் வரைபடத்தில் 100 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை ஒரு கருவியின் எல்லையாகக் கொள்வது நியாயமானது. ஆய்வுகளிலும் பெரும்பாலும் இந்த 100 மீட்டரைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 2: இடம் தேர்வு

முதலில் ஆம்புலன்ஸ் சேவையிடமிருந்து, வீட்டுக்கு வெளியே நடந்த இதய நிறுத்தங்களின் பட்டியலைக் கேளுங்கள். குறைந்தது 5 ஆண்டுக்கு உரியதாக இருக்கட்டும். இடமும் நேரமும் இருந்தால் போதும், பெயர் வேண்டாம். ஓரிடத்தில் 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது இதய நிறுத்தம் நடக்கலாம் என்று தெரிந்தால் அங்கே கருவி வைப்பது தகும் என்பது நெடுநாளாக வழிகாட்டு நெறிமுறைகளில் இருந்துவரும் அளவுகோல்.

பட்டியல் கிடைக்காவிட்டால், கூட்டம் சேரும் இடங்களையும் உடல் வருந்தும் இடங்களையும் தேடுங்கள்: ரயில், பேருந்து நிலையங்கள், விமான நிலையம், உடற்பயிற்சிக் கூடம், விளையாட்டு மைதானம், பெரிய சந்தை, முதியோர் கூடும் மையம். ஆம்புலன்ஸ் எளிதில் எட்ட முடியாத இடங்களுக்கு ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் முன்னுரிமை கொடுங்கள். தீவு, மலைக் குடியிருப்பு, நீளமான சுரங்க நடைபாதை போன்றவை இதில் அடங்கும்.

சிகாகோ நகரம் தன் விமான நிலையங்களில் வேகநடையில் 60 முதல் 90 நொடிக்குள் எட்டும்படி கருவிகளை வைத்தது. இரண்டு ஆண்டில் 21 பேருக்கு இதயம் நின்றது. அவர்களில் 18 பேருக்கு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் இருந்தது. 11 பேர் உயிர் மீண்டார்கள். அந்த 11 பேரில் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் ஏ.இ.டி.யை முன்பு தொட்டதே இல்லை. (அவர்களில் மூவர் மருத்துவம் படித்தவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

வரைபடத்தில் வட்டம் போட்டு முடித்ததும் கையில் ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். கட்டடத்தின் மிகத் தொலைவான மூலையில் ஒருவர் நிற்கட்டும். அந்த இடத்துக்குப் புதிய இன்னொருவரிடம் "ஏ.இ.டி. எடுத்து வாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்; வழி சொல்லாதீர்கள். அவர் எந்த வாசலில் தயங்குகிறார், எந்தப் பலகை கண்ணில் படவில்லை, லிஃப்டுக்கு எத்தனை நொடி நிற்கிறார், அட்டை தேய்த்தால்தான் திறக்கும் கதவு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, கூட்டம் அதிகமுள்ள நாளில் ஒரு முறை என்று மூன்று தடவை நடந்தால், கணினி வரைபடம் காட்டாத பலவும் தெரியவரும். வரைபடத்தில் 40 மீட்டர் தொலைவில் தெரியும் கருவி, நடுவில் மதில் இருப்பதால் 300 மீட்டர் சுற்றிப் போகவேண்டியதாக இருக்கும்.

அடுக்குமாடிகளில் உயரத்தையும் தூரமாகவே கணக்கிடுங்கள். டொராண்டோ பகுதியில் நடந்த ஆய்வு ஒன்றில் மூன்றாம் தளத்துக்குக் கீழே பிழைத்தவர்கள் 4.2 சதவீதம், மூன்றும் அதற்கு மேலும் 2.6 சதவீதம், 16ஆம் தளத்துக்கு மேல் 0.9 சதவீதம். 25ஆம் தளத்துக்கு மேல் ஒருவரும் பிழைக்கவில்லை. உயரமான கட்டடத்தில் வரவேற்பறையில் ஒன்று மட்டும் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. லிஃப்ட் நிற்கும் தளங்களில், சில தளங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் லிஃப்டின் அருகிலேயே வையுங்கள். அவசரத்தில் லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடித்து வைக்கும் பொறுப்பையும் காவலருக்கு எழுதிக் கொடுங்கள்.

ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. இதய நிறுத்தங்களில் பெரும்பான்மை, ஏறத்தாழ பத்தில் ஏழு, வீட்டுக்குள் நடக்கிறது. அங்கே பொது இடக் கருவியின் பயன் குறைவு. மேலே சொன்ன 2004 ஆய்வில் குடியிருப்பு வளாகங்களில் பிழைத்தவர்கள் இருவர் மட்டுமே. இதற்கு விடை வீடுதோறும் கருவி வாங்குவது இல்லை. குடியிருப்புத் தெருக்களில் வெளிச்சுவரில் கருவிகளை மாட்டி, அருகில் இருக்கும் தன்னார்வலரின் செல்பேசிக்கு அவசர அழைப்பு மையமே தகவல் அனுப்பும் ஏற்பாடு இங்கே நல்ல வழி. நெதர்லாந்து, டென்மார்க், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இத்தகைய செயலிகளோ குறுஞ்செய்தி முறைகளோ நடைமுறையில் உள்ளன. சிங்கப்பூர் தன் அரசுக் குடியிருப்புகளில் இரண்டு புளோக்குகளுக்கு ஒரு கருவி என்ற கணக்கில் பொருத்தும் திட்டத்தையும் எடுத்துக்கொண்டது.

படி 3: பூட்டு, கதவு, இரவு

பெரும்பாலான திட்டங்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

கோபன்ஹேகனில் 552 கருவிகளை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் எந்த நேரமும் எடுக்கக்கூடிய நிலையில் இருந்தவை 9.1 சதவீதம் மட்டுமே. பொது இடங்களில் நடந்த இதய நிறுத்தங்களில் 61.8 சதவீதம் மாலை, இரவு, வார இறுதி ஆகிய நேரங்களில் நடந்தவை. சரியாக அந்த நேரத்தில் கருவிகளின் எட்டும் தன்மை பாதிக்கு மேல் குறைந்தது. கருவிகள் இருந்தன, ஆனால் அலுவலகக் கதவுக்கு உள்ளே இருந்தன.

எனவே பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கருவியும் 24 மணி நேரமும் எடுக்கும்படி இருக்கவேண்டும் என்பதை நிபந்தனையாகவே போடுங்கள். பள்ளியின் கருவி வகுப்பறை வராந்தாவில் இருப்பதைவிட மதிலின் வெளிப்பக்கம் இருந்தால் பள்ளிக்கும் கிடைக்கும், தெருவுக்கும் கிடைக்கும். பள்ளிக்குள் தூரம் அதிகம் என்றால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

வெளிச்சுவரில் மாட்டினால் திருடு போகுமே என்ற கவலை உடனே எழும். அதற்காக எண் பூட்டு போடுகிறார்கள். அவசர மையத்தை அழைத்துப் பூட்டின் எண்ணைக் கேட்டு வாங்கவேண்டும். இருட்டில், நடுங்கும் கையோடு, செல்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு நான்கு எண்களைத் திருப்பும் ஒருவரை மனக்கண்ணில் பாருங்கள். எண் மாற்றப்பட்டு, மையத்துக்குத் தெரிவிக்கப்படாமல் போயிருந்தால் அத்தோடு சரி. மீளுயிர்ப்பு நெறிமுறைகளை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு அமைப்பான இல்கோரின் பரிந்துரையும் பூட்டிய பெட்டிகளுக்கு எதிராகவே இருக்கிறது. பூட்டுக்குப் பதிலாக, திறந்தால் ஒலிக்கும் அலாரம், மேலே ஒரு விளக்கு, முடிந்தால் கேமரா, கருவியின் மேல் அழியாத அடையாள எண். அலாரத்தில் இன்னொரு நன்மை உண்டு: சத்தம் கேட்டு உதவிக்கு ஆள் வரும். எப்போதாவது ஒரு கருவி காணாமல் போவதற்கான தொகையைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

படி 4: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

விலைப்புள்ளி கேட்கும்போது இந்த விவரங்களை எழுத்தில் கேளுங்கள்:

- தூசு, நீர்த் தடுப்பு மதிப்பீடு: வெளியிடங்களுக்கு ஐபி55 அல்லது மேல்.
- இயங்கும் வெப்பநிலை வரம்பு: பல கருவிகளுக்கு 0 முதல் 50 டிகிரி செல்சியஸ். நேரடி வெயிலில் உலோகப் பெட்டிக்குள் இதைத் தாண்டுவது எளிது.
- பேட் காலாவதி: வழக்கமாக 2 முதல் 5 ஆண்டு. பேட்டரி: காத்திருப்பு நிலையில் பெரும்பாலும் 4, 5 ஆண்டு.
- தன்னைத்தானே சோதிக்கும் இடைவெளி: தினமுமா, வாரம் ஒரு முறையா.
- குரல் வழிகாட்டல் எந்த மொழியில்: அந்த இடத்தில் மக்கள் பேசும் மொழியில் இருக்கவேண்டும். இரு மொழி என்றால் மாற்றும் பொத்தான் ஒன்றில் முடியவேண்டும்.
- குழந்தைகளுக்கான முறை: 8 வயதுக்கு, அல்லது 25 கிலோ எடைக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சக்தியைக் குறைக்கும் சாவியோ தனிப் பேட்டோ. அது இல்லாத நிலையில் பெரியவர்களுக்கான பேட்டையே ஒன்றை மார்பிலும் ஒன்றை முதுகிலும் ஒட்டிப் பயன்படுத்தலாம் என்பதையும் பயிற்சியில் சொல்லுங்கள்.
- பதிவான இதயத்துடிப்புத் தகவலை எடுக்கும் வழி. அதற்கான மென்பொருள் இலவசமா.

அரைத் தானியங்கியில் அதிர்ச்சிப் பொத்தானை உதவுபவர் அழுத்தவேண்டும். முழுத் தானியங்கி எச்சரித்துவிட்டுத் தானே கொடுத்துவிடும். இரண்டும் சரியானவையே. ஆனால் ஒரே வளாகத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்; பொத்தானைத் தேடி நேரம் போகும். ஒரே தயாரிப்பாக இருந்தால் பேட்டும் பேட்டரியும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதியும் கிடைக்கும்.

விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். குறைந்த விலைக் கருவியின் பேட் இரண்டு ஆண்டில் காலாவதியானால், எட்டு ஆண்டில் நான்கு முறை வாங்கவேண்டும். கருவி, பெட்டி, பேட், பேட்டரி, பயிற்சி, ஆய்வு எல்லாவற்றையும் சேர்த்து 8 முதல் 10 ஆண்டுக்கான மொத்தச் செலவைக் கூட்டி ஒப்பிடுங்கள். நன்கொடையாளர்கள் கருவிக்குப் பணம் தருவார்கள். மூன்றாம் ஆண்டுப் பேட்டுக்குத் தரமாட்டார்கள். நன்கொடைக் கருவியை ஏற்கும் முன் பராமரிப்புப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று எழுதி வாங்குங்கள்.

கருவியுடன் ஒரு சிறு பை தொங்கவேண்டும். அதில் உடையை வெட்டும் கத்தரிக்கோல், ரேஸர், சிறு துண்டு, கையுறை, வாய்வழிச் சுவாசத்துக்கான முகமூடி. கூடவே இன்னொரு ஜோடி பேட்.

படி 5: பொருத்துதலும் பலகையும்

கைப்பிடி தரையிலிருந்து 1.2 மீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் எடுக்கலாம். மேற்கு வெயில் படும் சுவரைத் தவிருங்கள். பேட்டிலுள்ள ஜெல் வெப்பத்தில் காய்ந்துவிடும், பிறகு அது தோலில் ஒட்டாது. உறைபனி விழும் ஊர்களில் சூடாக்கும் பெட்டி வேண்டும். அதற்கு மின் இணைப்பும் வேண்டும்.

பச்சைப் பின்னணியில் வெள்ளை இதயமும் அதனுள் மின்னல் வடிவமும் கொண்ட சின்னத்தை இல்கோர் 2008இல் பரிந்துரைத்தது. அதையே பயன்படுத்துங்கள், புதிதாக ஒன்று வரைய வேண்டாம். பலகை சுவரோடு ஒட்டியிருந்தால் நேர் எதிரே நிற்பவருக்கு மட்டும் தெரியும். வராந்தாவில் நடப்பவருக்குத் தெரியும்படி சுவரிலிருந்து செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அம்புக்குறியும் மீட்டர் கணக்கும் இருக்கட்டும். "யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்" என்ற வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். "பயிற்சி பெற்றவர் மட்டும்" என்ற பழைய வாசகம் எங்காவது இருந்தால் இன்றே கிழித்தெறியுங்கள்.

படி 6: பதிவு

அவசர அழைப்பு மையத்தின் திரையில் தெரியாத கருவி, ஐம்பது அடி தள்ளி நிற்பவருக்குக்கூட இல்லாத கருவிதான். பதிவில் இவை இருக்கவேண்டும்: வரைபட ஆள்கூறு, "வடக்கு வாசலின் இடப்பக்கத் தூண்" என்பது போன்ற ஒரு வரி விளக்கம், எடுக்கக்கூடிய நேரம், பொறுப்பாளரின் எண், பேட், பேட்டரி காலாவதி நாள், தற்போதைய நிலை. காலாவதியான கருவி திரையிலிருந்து தானாக மறையும்படி அமையுங்கள். செத்த கருவியைத் தேடி ஒருவரை ஓடவிடுவது, கருவி இல்லை என்று சொல்வதைவிடக் கொடுமை.

மையத்தில் அழைப்பை எடுப்பவருக்கும் எழுத்து வடிவில் நடைமுறை வேண்டும். அழைத்தவர் தனியாக இருந்தால் அவரைக் கருவி எடுக்க அனுப்பக் கூடாது. நெஞ்சழுத்தத்தைத் தொடரச் சொல்லவேண்டும். இருவர் இருந்தால் ஒருவரை அனுப்பி, கருவி இருக்கும் இடத்தை வார்த்தை வார்த்தையாகச் சொல்லவேண்டும். பதிவைக் கட்டாயமாக்குவதற்கு நல்ல முன்மாதிரி பிரான்ஸ். அங்கே 2018ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்கள் வந்துபோகும் பலவகைக் கட்டடங்களில் கருவியைக் கட்டாயமாக்கியதோடு, தேசியத் தரவுத்தளத்தில் அதைப் பதியவும் சொன்னது.

படி 7: சட்டப் பாதுகாப்பு

மக்கள் தயங்குவதற்குப் பெரிய காரணம் பயம். "நான் தொட்டு அவர் இறந்துவிட்டால்?" இதற்குக் கொள்கை நேராகப் பதில் சொல்லவேண்டும். மூன்று வாக்கியம் போதும். முதலாவது, பயிற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எவரும் பயன்படுத்தலாம். இரண்டாவது, நல்லெண்ணத்தில் உதவியவர் மீது உரிமையியல் பொறுப்பு சாராது. மூன்றாவது, ஆய்வுப் பதிவேட்டைச் சரியாக வைத்திருக்கும் உரிமையாளருக்கும் அதே பாதுகாப்பு உண்டு.

சான்றிதழ் பெற்றவருக்கு மட்டும் பாதுகாப்பு என்று எழுதினால், கூட்டத்தில் நிற்கும் மற்ற எல்லோரையும் பின்வாங்கச் சொன்னதாகிவிடும். ஜப்பான் 2004 ஜூலையிலும் பிரான்ஸ் 2007இலும் பொதுமக்களே பயன்படுத்த வழி திறந்தன. அதன் பின் ஜப்பானில் கருவிகள் பெருகின. மக்கள் வாழும் பகுதியில் சதுர கிலோமீட்டருக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற நிலையிலிருந்து நான்குக்கு மேல் ஆனபோது, பொதுமக்கள் கொடுத்த முதல் அதிர்ச்சிக்கான சராசரி நேரம் 3.7 நிமிடத்திலிருந்து 2.2 நிமிடமாகக் குறைந்தது.

கட்டாயமாக்கலாமா, ஊக்கம் மட்டும் கொடுக்கலாமா? கனடாவின் மனிடோபா மாகாணம் 2011இலும், தெற்கு ஆஸ்திரேலியா 2022இலும் சட்டமே இயற்றின. கட்டாயம் இல்லாத இடங்களில் கருவிகள் வசதியுள்ள வணிகப் பகுதிகளில் குவிவதும், எளிய மக்கள் வாழும் தெருக்கள் வெறுமையாக இருப்பதும் வழக்கம். எங்கள் கருத்து, பெரிய கட்டடங்களுக்குச் சட்டத்தால் கட்டாயமும், குடியிருப்புத் தெருக்களுக்கு அரசுப் பணமும் என்பதே. கட்டடப் பரப்பளவை மட்டும் அளவுகோலாக வைத்தால் ஒரே சாலையில் பத்துக் கருவி வரும். அடுத்த இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றும் வராது.

படி 8: மாதாந்தர ஆய்வு

அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு 1993 முதல் 2008 வரை வந்த புகார்களை ஆராய்ந்தபோது, கருவி செயலிழந்து நோயாளி இறந்த நிகழ்வுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பேட்டரி, மின்சக்திக் கோளாறு காரணமாக இருந்தது. மாதம் இரண்டு நிமிடம் ஒதுக்கினால் இதில் பெரும்பகுதியை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

பொறுப்பைப் பெயருக்கு எழுதாதீர்கள், பதவிக்கு எழுதுங்கள். ஆள் மாறினாலும் பொறுப்பு மாறாது. மாற்று ஆள் ஒருவரும் கட்டாயம். அவர்கள் செய்யவேண்டியது இதுதான். பெட்டிக்கு முன் நின்று நிலைகாட்டி பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு, பெருக்கல் குறி, விட்டுவிட்டு வரும் பீப் ஒலி எதுவானாலும் அன்றே நடவடிக்கை. கதவைத் திறந்து அலாரம் ஒலிக்கிறதா என்று கேளுங்கள்; கீல் துருப்பிடித்திருந்தால் எண்ணெய் விடுங்கள். பேட் உறையைக் கையில் எடுத்து, கிழியாமல் இருக்கிறதா, தேதி என்ன என்று பாருங்கள். சிலர் ஆர்வத்தில் உறையைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள். பிரித்த பேட் சில நாளில் காய்ந்துபோகும். பேட்டின் இணைப்புக் கம்பி கருவியில் செருகியிருக்கவேண்டிய வகை என்றால் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். பையில் கத்தரிக்கோலும் ரேஸரும் இருக்கின்றனவா என எண்ணுங்கள். பெட்டிக்குள் எறும்பு, பல்லி, ஈரக் கறை இருக்கிறதா பாருங்கள். கையொப்பமிட்டு நாளையும் நேரத்தையும் எழுதுங்கள்.

காலாவதி நாளை உள்ளே தேடும்படி விடாமல் பெட்டிக் கதவின் வெளியே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். நடந்து போகிறவர்கூட கவனித்துச் சொல்வார். காலாவதிக்கு 3 மாதம் முன்பே புதிய பேட்டுக்கு ஆணை போகவேண்டும். கருவியைத் தயாரிப்பாளரிடமும் பதிந்துவையுங்கள், குறைபாடு கண்டு திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் உங்களுக்குத் தெரியவேண்டும்.

படி 9: பயிற்சியும் ஒத்திகையும்

கருவி தானே பேசும் என்றாலும் பயிற்சி தயக்கத்தைப் போக்குகிறது. பாதுகாவலர், வரவேற்பாளர், துப்புரவுப் பணியாளர், ஓட்டுநர், ஆசிரியர் ஆகியோரை முதலில் எடுங்கள். எப்போதும் அங்கே இருப்பவர்கள் அவர்களே. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதும் மேலெழ விடுவது: இந்த மூன்றையும் பொம்மையின் மேல் கை வலிக்கும்வரை பழகவேண்டும்.

பயிற்சியில் அழுத்திச் சொல்லவேண்டிய தவறுகள் சில உண்டு. இடப்பக்கப் பேட்டை நெஞ்சுக்கு முன்னாலேயே ஒட்டிவிடுவது மிகப் பொதுவான பிழை; அது அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் போகவேண்டும். மற்றது வலப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே. வியர்வையோ நீரோ இருந்தால் துடைக்கவேண்டும். அடர்ந்த முடியில் பேட் ஒட்டாவிட்டால் அந்த இடத்தை மட்டும் மழிக்கவேண்டும். தோலுக்கடியில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கப் பொருத்திய சிறு கருவி) மேடு தெரிந்தால் அதன் மேல் ஒட்டாமல் தள்ளி ஒட்டவேண்டும். தோலில் ஒட்டிய மருந்துப் பட்டை இருந்தால் உரித்துவிடவேண்டும். பேட் ஒட்டும்போதும் அழுத்தம் நிற்கக் கூடாது; இரண்டாம் ஆள் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். அதிர்ச்சி கொடுத்த உடனே, நாடி பார்க்காமல், மறுபடி அழுத்தத் தொடங்கவேண்டும். கருவி 2 நிமிடத்துக்கு ஒரு முறை தானே ஆராயும்.

பெண்கள் விழும்போது உடையை விலக்கத் தயங்கி நேரம் போகிறது. இதைப் பயிற்சியில் வெளிப்படையாகப் பேசுங்கள். உள்ளாடையையும் வெட்டி விலக்கவேண்டும், பேட் வெறும் தோலில்தான் ஒட்டும். சுற்றி நிற்பவர்கள் வெளிப்பக்கம் திரும்பி நின்று துணியால் மறைத்து, படம் எடுப்பவரைத் தடுக்கவேண்டும் என்பதையும் ஒத்திகையிலேயே பழக்குங்கள். பொம்மைக்குச் சட்டையும் உள்ளாடையும் போட்டுப் பயிற்சி கொடுத்தால் தயக்கம் அங்கேயே உடையும்.

ஆண்டுக்கு இரண்டு முறை முன்னறிவிப்பு இல்லாத ஒத்திகை நடத்தி, விழுந்த கணத்திலிருந்து பேட் ஒட்டிய கணம்வரை நேரம் எடுங்கள். அந்த எண்ணை அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.

படி 10: எதை எண்ணுவது

எத்தனை கருவி வைத்தோம் என்ற எண்ணிக்கை திறப்பு விழாவுக்குப் போதும். கொள்கையை மதிப்பிட வேண்டிய எண்கள் வேறு: ஆம்புலன்ஸ் வருமுன் பேட் ஒட்டப்பட்ட இதய நிறுத்தங்கள் எத்தனை சதவீதம், விழுந்தது முதல் அதிர்ச்சிவரை இடைநிலை நேரம், 24 மணி நேரமும் எடுக்கக்கூடிய கருவிகள் எத்தனை சதவீதம், திடீர்ச் சோதனையில் பச்சை விளக்கு எரிந்தவை எத்தனை சதவீதம், நினைவும் செயலும் குன்றாமல் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர். ஆண்டுக்கு ஒரு முறை இவற்றை வெளியிட்டு, எட்டாத இடங்களுக்குக் கருவிகளை நகர்த்துங்கள். சுவரில் மாட்டிவிட்டோம் என்பதற்காக அங்கேயே இருக்கவேண்டும் என்பதில்லை.

பயன்படுத்திய பிறகு

கருவியில் பதிவான துடிப்புத் தகவலை நோயாளி சேர்க்கப்பட்ட மருத்துவமனைக்கு அன்றே அனுப்புங்கள். மேற்கொண்டு சிகிச்சையைத் தீர்மானிக்க அது மருத்துவருக்கு உதவும். ஆம்புலன்ஸோடு கருவி போய்விட்டால் திரும்பப் பெறும் பொறுப்பு யாருடையது என்று முன்பே எழுதியிருக்கவேண்டும்.

உதவியவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். நெஞ்சை அழுத்தும்போது விலா எலும்பு முறிந்த சத்தம் பல நாள் காதில் ஒலிக்கும். நோயாளி பிழைக்காவிட்டால் தன் தவறோ என்று மனம் அரிக்கும். விலா முறிவது நெஞ்சழுத்தத்தில் நேரக்கூடியதே என்றும், செய்தது சரியே என்றும் விவரம் தெரிந்த ஒருவர் நேரில் சொல்லவேண்டும். ஓரிரு வாரம் கழித்து இன்னொரு முறையும் அழையுங்கள்.

பிறகு கருவி. வெளிப்பக்கத்தைத் துடைத்து, கூடுதல் பேட்டைப் பொருத்தி, பேட்டரி அளவைப் பார்த்து, கத்தரிக்கோல், ரேஸர், கையுறையை நிரப்பி, தன்சோதனையை ஓடவிடுங்கள். பச்சை விளக்கு வந்ததும் பெட்டியில் வையுங்கள். அழைப்பு மையத்தின் பதிவில் நிலையை மீண்டும் "தயார்" என்று மாற்றுங்கள். இத்தனையும் அதே நாளில் முடியவேண்டும். முடியாதென்றால் மாற்றுக் கருவி ஒன்றை அங்கே மாட்டிவிட்டுத்தான் இதை எடுத்துப் போகவேண்டும்.